கட்டியவனே அவிழ்க்க வேண்டிய கொடி

மகனே,

கோடு போட்ட தாளாகப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. வண்டி வந்து நின்றதும் பிளாட்பாரத்துக் கூட்டம் ஏறுகிற மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போகின்றன. சில எழுத்து பெரிசு, சில எழுத்து சிறிசு, சில இடத்தில் மை கொட்டிக் குட்டை கட்டியிருக்கிறது. பொறுத்துக்கொண்டு படி. தலையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பெட்டி, கையில் ஒரு கூஜா என்று தூக்கிப் பழகிய விரல்கள் இவை. பேனா ரொம்ப லேசாக இருக்கிறது. லேசான சாமானைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

இதுவரை உனக்கு வந்த கார்டுகள் எல்லாம் கேம்ப் ரோடு மருந்துக்கடைக்காரர் எழுதியவை. நான் உன் அம்மாவின் முட்டிவலியைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால் அவர் "இங்கு யாவரும் நலம்" என்று எழுதுவார். முடிவில் "மற்றவை நேரில்" என்று போட்டுவிடுவார். அந்த மற்றவை என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கடிதத்தில் மற்றவைதான் எல்லாம். மாலை வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லித் தரும் ஸ்டெல்லா டீச்சர், "முடிச்சதும் காட்டுங்க தாத்தா, திருத்தித் தரேன்" என்றார். காட்டப் போவதில்லை. அவர் திருத்தினால் கடிதம் அழகாகிவிடும், ஆனால் அவருடையதாகிவிடும். எனக்கு இதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் சிரிப்பாய். "மகனே" என்று மேலே எழுதிவிட்டு, அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தை மாதம் உன் கல்யாணம் முடிந்து, நீயும் மல்லிகாவும் ஓசூருக்குக் கிளம்பிய அன்று நமக்குள் நடந்தது உனக்கும் மறந்திருக்காது. என் நகக்கண்ணில், கதவுக் கொண்டிகளுக்கு அடித்த செங்காவிப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்தக் கையோடுதான் உன் மாமனாருக்குச் சந்தனம் கொடுத்தேன். நீ என்னை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சொன்னாய்: "நைனா, மல்லிகா வூட்ல நீ ரயில்வேல இருந்தேன்னுதான் சொல்லிகீறேன். போர்ட்டர்னு சொல்லல. இப்ப ஓசில வேற பெயிண்ட் அடிக்கிறேன்னு தெரிஞ்சா இன்னா நெனைப்பாங்க? அத்த வுட்டுடு நைனா." நான் என்ன சொன்னேன்? "பெத்தவன சொல்ல வெக்கப்படுற வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்." அதன் பிறகு உன் கார்டுகள் உன் அம்மா பெயருக்குத்தான் வருகின்றன. என்னைப் பற்றி ஒரு வரி, கடைசியில், "நைனாவைக் கேட்டதாகச் சொல்லவும்." அவ்வளவுதான். நான் சொன்ன அந்த வார்த்தையை இப்போதைக்கு ஓரமாக வைக்கிறேன். சுமையை இறக்கி வைக்கிற இடம் வரும், அங்கே இறக்குகிறேன். அதற்கு முன்னால் அந்த ஓசிப் பெயிண்டைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வாரம் அங்கே நடந்தது அப்படி.

நீ ஒருநாளும் வந்து பார்க்கவில்லை, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். தாம்பரம் யார்டில், பெட்டிகள் கழுவுகிற இடத்தைத் தாண்டி, மேலே போக வழியில்லாமல் முடிந்துபோகிற ஒரு தண்டவாளம் இருக்கிறது. அதில் மரத்தால் செய்த பழைய மீட்டர்கேஜ் பெட்டிகள் இரண்டு ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அகலப் பாதை வரப்போகிறது, இந்தச் சின்ன வண்டியெல்லாம் இனி இருக்காது என்கிறார்கள். நடராஜன் சார் என்று ஒருவர், குரோம்பேட்டைக்காரர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். இரண்டில் ஒன்றையாவது காப்பாற்றிப் பழையபடி ஆக்கி வைக்க வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதி வாங்கினார். மற்றது கண்டம், அதாவது உடைத்து விற்கத் தீர்ப்பானது. காண்டிராக்ட்காரர் ஒருவர் அதை எடுத்திருந்தார். அனுமதி கொடுத்த அதிகாரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: யார்டு வேலைக்கு உங்களால் ஒரு இடைஞ்சல் வந்தாலும் அன்றோடு சரி, உங்கள் பெட்டியும் கண்டம்.

நான் அந்தப் பக்கம் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். போர்ட்டர் வில்லையை ஒப்படைத்த பிறகு எனக்கு வேறென்ன வேலை. நடராஜன் சார் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். அவர் குடும்பத்தோடு தென்காசி போய்வரும்போதெல்லாம் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியைத் தூக்கியவன் நான். "என்னப்பா, சும்மாதானே இருக்கே, இந்த ஏணிய கொஞ்சம் பிடி" என்றார். அன்று பிடித்த ஏணியை இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் படித்தவர்கள், படிக்கிற பிள்ளைகள், ஆபீஸ் போகிற பெண்கள் என்று வந்துவிடுவார்கள். கூலி கிடையாது, டீ உண்டு. திருமுடிவாக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் டேவிட் என்று ஒருவன். துருப்பிடித்த கொண்டி, கீல் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டுபோய் அடுத்த ஞாயிறு புதுசாகக் கொண்டுவருவான். வாய் மட்டும் சும்மா இருக்காது. நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்து, "இன்னா நைனா, வண்டிய தேய்க்கிறியா, மாமியாருக்கு முதுகு தேய்க்கிறியா? அமுக்கிப் போடு!" என்பான். மேலே செங்காவி, தேய்க்கத் தேய்க்க அதன் கீழே ஒரு பச்சை, அதன் கீழே வேறொரு செங்காவி, கடைசியில் தேக்குமரம். மரத்தைக் கண்டதும் எல்லோரும் ஓடி வந்து பார்ப்பார்கள், பிள்ளை முகம் பார்க்கிற மாதிரி.

பிள்ளை என்றதும் உன் அம்மா சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு எனக்குச் சோறு கொண்டு வந்தாள். பெட்டியில் பாதி பெண்கள் பகுதி. அதில் ஏறி உள்ளே போனவள் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "யோவ், இந்த வண்டிதான்யா. இந்தக் கம்பியத்தான் புடிச்சிகினு கத்துனேன்" என்றாள். நீ பிறந்த கதை உனக்குத் தெரியும். எழும்பூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, குரோம்பேட்டை தாண்டியதும் வலி கண்டு, கூட வந்த பொம்பளைகள் புடவையைத் தடுப்பாகப் பிடித்துக்கொள்ள, பல்லாவரத்தில் வண்டி நிற்கும்போது நீ கத்துகிற சத்தம் பக்கத்துப் பெட்டியில் இருந்த எனக்குக் கேட்டது. "ரயிலு, ரயிலு" என்று பையன்கள் கூப்பிட்டதற்கு நீ எத்தனை பேரை அடித்திருக்கிறாய். எல்லாப் பெட்டியிலும் அதே கம்பிதானே, இதுதான் என்று எப்படிச் சொல்வாள் என்று நான் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்தவள் அவள். நடராஜன் சார் மட்டும் கேட்டுவிட்டு மகிழ்ந்துபோய், வண்டி முடிந்ததும் அந்த இடத்தில் ஒரு சின்னப் பலகை வைக்கலாம் என்றார். உன் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "என் பிரசவத்துக்கு போர்டு மாட்டுவியா சார் நீ? போர்டு வெச்சா நானே வந்து பேத்து எறிவேன்" என்றாள். பாவம், அவர் இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகாமல் மறுகோடியில் வேலை செய்தார்.

இனி கொடிக்கு வருகிறேன். யார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெட்டிக்கு அடியிலோ மேலேயோ ஆள் வேலை செய்தால், வேலைக்கு முன்னால் அதன் இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி கட்டவேண்டும். கொடி இருக்கிற பெட்டியை எந்த இஞ்சினும் தொடாது. கட்டியவன் எவனோ அவன்தான் அவிழ்க்கவேண்டும். ஏனென்றால் அடியில் யார் படுத்திருக்கிறான் என்பது கட்டியவனுக்குத்தான் தெரியும். முதல் நாளே, யார்டில் பெட்டிகளை இடம் மாற்றி நிறுத்துகிற ஷண்டிங் மாஸ்டர் வந்து எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: "கட்டுனவன்தான் அவுக்கணும். கலெக்டரே வந்து சொன்னாலும் வேற எவனும் கை வெக்கக் கூடாது. புரிதா?" எங்களிடம் கொடி இல்லை. நான் வீட்டுக்கு ஓடி என் பழைய போர்ட்டர் சட்டையைக் கொண்டுவந்து இரண்டாகக் கிழித்தேன். அன்று முதல் கொடி என் வேலை. காலையில் நான் கட்டினால்தான் மற்றவர்கள் ஏணி ஏறுவார்கள். சாயங்காலம் எல்லோரும் இறங்கிவிட்டார்களா, அடியில் யாரும் இல்லையா என்று குனிந்து பார்த்துவிட்டு, அவிழ்த்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டுதான் நான் வீட்டுக்கு வருவேன். நாற்பது வருஷம் அந்தச் சட்டையைப் பார்த்தால் ஜனங்கள் கூலி பேசத்தான் வந்தார்கள். இப்போது அதைப் பார்த்தால் இஞ்சின் நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல வேலை. பெட்டியின் இரண்டு பக்கமும் பட்டி வைத்துத் தேய்த்து, சாம்பல் நிறப் பிரைமர் முழுக்க அடித்து முடித்தோம். பெட்டி புதுத் துணி கட்டிய மாதிரி நின்றது. அந்த உற்சாகத்தில் நாங்கள் செய்த முட்டாள்தனம் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. பெட்டியின் நம்பரையும் சேர்த்து மூடிவிட்டோம். அதோடு உன் அம்மா வேறு வந்து அவசரப்படுத்தினாள். கோவளத்தில் உன் மாமன் பேத்திக்கு மறுநாள் காதுகுத்து. பஸ் போய்விடும், கிளம்பு கிளம்பு என்றாள். டேவிட், "நீ போ நைனா, பிரஷ்ஷெல்லாம் நான் கழுவிடறேன்" என்றான். கை கழுவினேன், பையைத் தூக்கினேன், ஓடினேன்.

மறுநாள் மத்தியானம், பந்தியில் உட்காரப் போகும்போது துண்டை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். துண்டு இருந்தது. கொடி இல்லை.

"இன்னாய்யா, பேயறைஞ்ச மாரி நிக்கிற?" என்றாள் உன் அம்மா.

"கொடிய அவுக்காம வந்துட்டேன்."

"எந்தக் கொடி? கட்சிக் கொடியா?"

"வண்டிக் கொடிடி."

"கிழிஞ்ச சட்டைத் துணிக்கா இந்தக் கூத்து? கொயந்தைக்கு இப்பத்தான் காது குத்துனாங்க, அதுகூட உன்ன மாரி மூஞ்சிய வெச்சிக்கல. குந்து, மீன் கொழம்பு ஆறுது."

உட்கார்ந்தேன், நினைப்பு யார்டில்தான். யார்டு வேலைக்கு ஒரு இடைஞ்சல் வந்தாலும் அன்றோடு சரி என்றாரே அந்த அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை கட்டிய கொடி திங்கட்கிழமையும் பறந்துகொண்டிருந்தால் அதைவிட என்ன இடைஞ்சல்? எத்தனை பேருடைய எத்தனை ஞாயிறு, எல்லாம் என் மறதியால் விறகாகப் போகப் போகிறது. "கூலிக்காரனைச் சேர்த்தால் இப்படித்தான்" என்று ஒருவராவது சொல்வார். அவர் சொல்லாவிட்டாலும் நினைப்பார். அதற்கு மேல் எனக்கு அந்த ஏணியைப் பிடிக்க முகம் ஏது? அன்று கோவளத்தில் மழை. தாம்பரத்திலும் பெய்திருக்கும், கொடி நனைந்திருக்கும் என்று அதையும் நினைத்துக்கொண்டேன். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து, கேளம்பாக்கத்தில் மாறி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே யார்டுக்குப் போனோம். உன் அம்மா கருவாட்டுப் பையோடு பின்னாலேயே வந்தாள். "வேகமா நடக்காதய்யா, வுழுந்து தொலைச்சா உனக்கும் செவப்புக் கொடிதான் கட்டணும்" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

நான் பயந்ததற்கு மேலேயே இருந்தது. எங்கள் பெட்டிக்கு எதிரே ஷண்டிங் இஞ்சின் நிற்கிறது. டிரைவர் கீழே இறங்கி பீடி பிடிக்கிறார். காண்டிராக்ட்காரரின் ஆட்கள் சம்மட்டியும் கடப்பாரையும் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போதுதான் சேதி தெரிந்து வந்த நடராஜன் சார் கையில் அனுமதிப் பேப்பரோடு வியர்த்து வழிய நிற்கிறார், பக்கத்தில் டேவிட். பெட்டியின் முனையில் என் சட்டை தொங்குகிறது.

ஷண்டிங் மாஸ்டர் என்னைப் பார்த்ததும் கை தட்டினார். "வந்துட்டாருய்யா கொடிக்காரத் தொர! நேத்துக் காலையிலேந்து நானு, டிரைவரு, இஞ்சினு அல்லாரும் உன் சட்டைக்குக் காவல் கீறோம். உன் வூட்டுக்கு ஆள் வுட்டா கதவ பூட்டிக்கினு நீ கோவளம் பூட்டேன்றாங்க. இன்னாய்யா, கடல் காத்து நல்லா இருந்துச்சா?"

"தப்புதான் சார். மன்னிச்சிக்குங்க. இதோ அவுத்துடறேன்" என்று ஓடிப்போய் முடிச்சில் கை வைத்தேன்.

"அவுக்காதே! கையை எடு!" என்று ஒரு சத்தம். நடராஜன் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் ஷண்டிங் மாஸ்டர் பக்கம் திரும்பி, "சார், இது எங்க வண்டி. நீங்க எடுத்துட்டுப் போக வேண்டியது பின்னாடி நிக்குது" என்றார்.

விஷயம் இதுதான். முதலில் கண்டமான பெட்டி வெளிப்பக்கமும் எங்கள் பெட்டி உள்பக்கமும் நின்றன. குழாய் பக்கத்தில் இருக்கட்டும், வேப்பமர நிழலும் கிடைக்கும் என்று நடராஜன் சார் கேட்டுக்கொண்டதால், முந்தைய மாதம் இரண்டையும் மாற்றி நிறுத்தினார்கள். கண்டத்துக்கு எடுக்கச் சொன்ன பேப்பரை யாரும் மாற்றவில்லை. அதில் "வெளி முனையில் நிற்கும் பெட்டி" என்றும் ஒரு நம்பரும் இருந்தது. வந்தவர்கள் நம்பரைத் தேடினால் எங்கள் பெட்டி வெறும் சாம்பலாக நிற்கிறது. பின்னால் நின்றதில் நம்பர் வெயிலில் அழிந்தே போயிருந்தது. ஆகவே முனையில் நிற்பதை இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் திங்கட்கிழமை காலையில் இஞ்சினோடு வந்திருக்கிறார்கள். வந்து பார்த்தால் சிவப்புக் கொடி. கட்டியவன் ஊரில் இல்லை.

"அப்ப நம்பர காட்டுங்க சார், நான் போய்க்கினே இருக்கேன்" என்றார் ஷண்டிங் மாஸ்டர்.

டேவிட்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "நம்பர நாமதான சார் மூடிட்டோம். ரெண்டு கோட்டு அடிச்சி, சூப்பரா மூடிட்டோம்" என்றான். பிறகு அவனுக்கே யோசனை வந்தது. அடியில் இரும்புச் சட்டத்தில் நம்பர் வெட்டியிருக்கும், அது பெயிண்டுக்கு மறையாது. கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குனிந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நைனா, கொடி கீதா?"

"கீதுடா."

"அப்ப பூறேன்" என்று சக்கரங்களுக்கு நடுவே நுழைந்துவிட்டான்.

உள்ளே துருவைத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கொடி கட்டியிருந்த கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா கருவாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். டேவிட் ஒவ்வொரு எண்ணாகக் கத்தினான். ஷண்டிங் மாஸ்டர் பேப்பரில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது எண்ணிலேயே விரலை எடுத்துவிட்டார். இது அதுவல்ல. அப்புறம் அவரே பின்பெட்டிக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். பேப்பரில் இருந்தது அதுதான்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டார். "அப்ப நேத்து இந்தக் கொடி இல்லாம, நான் பாட்டுக்கு பேப்பர்படி இழுத்துக்கினு பூட்டிருந்தா?"

சம்மட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருவன், "இந்நேரம் வெறகு, சார்" என்றான்.

மகனே, அங்கேயே தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நாலு பெட்டி சுமையை மேம்பாலம் ஏற்றி இறக்கிக் கழுத்தை நிமிர்த்தும்போது ஒரு காற்று வருமே, உனக்குத் தெரியாது, அது மாதிரி ஒரு காற்று உடம்பு முழுக்க வந்தது. நடராஜன் சார் வந்து என் பக்கத்திலேயே, அந்த வெள்ளை வேட்டியோடு, ஜல்லியில் உட்கார்ந்தார். "நல்ல வேளை மறந்தீங்க, அண்ணா" என்றார். அத்தனை வருஷமும் என்னை "என்னப்பா" என்றுதான் கூப்பிடுவார். அவர் அதைக் கவனித்தாரா தெரியாது. நான் கவனித்தேன்.

"செரி செரி, கட்டிப்புடிச்சி அழுதது போதும். இப்ப அவுத்துடு" என்றார் ஷண்டிங் மாஸ்டர். எழுந்து போய் முடிச்சில் கை வைத்தால், மழையில் நனைந்து காய்ந்த துணி கல்லாக இறுகிக் கிடக்கிறது. நகம் போகவில்லை. டேவிட் கத்தியை நீட்டினான். "வெட்டக் கூடாதுய்யா, அவுக்கணும்" என்றார் ஷண்டிங் மாஸ்டர், அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா தெரியவில்லை. டேவிட் உதவிக்குக் கை நீட்டினான். "நீயும் தொடக் கூடாது" என்றார். ஒரு இஞ்சின், ஒரு டிரைவர், சம்மட்டிக்காரர்கள் எல்லோரும் காத்திருக்க, நான் குனிந்து இருக்கிற நாலு பல்லால் என் சட்டையைக் கடித்து இழுத்தேன். "பாத்துய்யா, பல்லு சட்டையோட பூடப் போவுது" என்றாள் உன் அம்மா. யார்டே சிரித்தது. முடிச்சு விட்டது. மறுமுனையில் இருந்ததையும் அதே பல்லால் அவிழ்த்தேன்.

இன்னொன்று கேள். பின்னால் நிற்பதை எடுக்க வேண்டுமானால் முன்னால் நிற்கிற எங்கள் பெட்டியை முதலில் வெளியே இழுத்து நிறுத்தவேண்டும். இஞ்சின் வந்து மெதுவாக முட்டியது. கொண்டியை மாட்டினார்கள். ஷண்டிங் மாஸ்டர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "ஏறுறவங்க ஏறுங்க. நான் எதயும் பாக்கல" என்றார். டேவிட் ஒரே தாவு. நடராஜன் சார் சின்னப் பையன் மாதிரி கதவில் தொங்கினார். முட்டிவலிக்காரி உன் அம்மா என் தோளை மிதிக்காத குறையாக ஏறி, பெண்கள் பகுதியில் அந்தக் கம்பி ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். எத்தனை வருஷமாக ஆளை ஏற்றிக்கொண்டு நகராத சக்கரம் அது. முதலில் பல் கூசுகிற மாதிரி ஒரு கிறீச். பிறகு ஒரு குலுக்கல். பிறகு நகர்ந்தது, மகனே. வேப்பமரம் பின்னால் போனது, குழாய் போனது, டீக்கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு போனார். ஒரு தெரு நீளம்தான் இருக்கும். இத்தனை வருஷம் அடுத்தவர் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வண்டி நகர்வதற்குள் குதித்துப் பழகியவன் நான். அன்றும் கால் தன்னால் குதிக்கப் போனது. "எங்கய்யா எறங்குற? குந்து" என்று உன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "நம்ம ரயிலு இருந்திருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். இப்போது அந்தச் சுமையை இறக்குகிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது ஒன்று உனக்குத் தெரியாது. அப்போது உன் அம்மா மீன் கூடையோடு வண்டியில் வந்து இறங்குவாள். ஒருநாள் முதல் வகுப்புப் பயணி ஒருவரின் பெட்டியோடு நான் பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே கூடையோடு உன் அம்மா, இடுப்பில் நீ. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னப்பா இது நாத்தம்" என்றார். உன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் யாரோ மாதிரி கடந்துபோனேன். அன்று அவள் வீட்டில் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. அவளாகச் சரியாவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் ஏன் சரியாக வேண்டும்? கட்டியவன் நான். பல நாள் கழித்துத்தான் அது என் மண்டையில் ஏறியது. ஒரு காலை, வண்டி நின்றதும், கூலி பேச வந்தவர்களை விட்டுவிட்டு, அவள் கூடையை வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டு, சிவப்புச் சட்டையோடு, மீன் தண்ணீர் முதுகில் ஒழுக, பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். அவள் பின்னால் வந்தபடி, "கூலி எவ்ளோய்யா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், முடிந்தது.

ஆகவே நீ வெட்கப்பட்டதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இருக்க நியாயமில்லை. அந்த வெட்கம் எனக்கும் வந்ததுதான். வரும், போகும். வாசப்படி மிதிக்க மாட்டேன் என்ற வார்த்தையை நான் கட்டினேன். நீ வந்து அவிழ்ப்பாய் என்று நான் இத்தனை மாதம் எதிர்பார்த்தது தப்பு. உன்னால் முடியாது, வழக்கப்படி நீ தொடவும் கூடாது. நானே அவிழ்க்கிறேன். தீபாவளிக்கு நானும் உன் அம்மாவும் ஓசூர் வருகிறோம். மல்லிகா வீட்டாரிடம் நீ எதையும் மாற்றிச் சொல்லவேண்டாம். அவர்கள் கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன். முன்னே போர்ட்டர், இப்போது பெயிண்டர், இஞ்சினை நிறுத்துகிற ஆள் என்று. நகத்தில் பெயிண்ட் இருந்தாலும் இருக்கும்.

உனக்குச் சொல்ல வேண்டிய புத்தி இது ஒன்றுதான், மற்றதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மல்லிகாவோடு உனக்குச் சண்டை வரும். வராவிட்டால் அது குடும்பமில்லை, வெயிட்டிங் ரூம். நீ கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறவன், சின்ன வயதிலிருந்தே. மூடிக்கொள், தப்பில்லை. ஆனால் மூடியவன் நீ என்றால் திறக்க வேண்டியவனும் நீ. அவள் வரட்டும் என்று காத்திருக்காதே. நடுவில் மழை பெய்துவிட்டால் முடிச்சு இறுகும். அப்புறம் பல்லால் கடிக்க வேண்டியிருக்கும். உனக்கு இப்போது எல்லாப் பல்லும் இருக்கிறது, இப்போதே பழகு.

கை வலிக்கிறது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னும் முடியலியா? ரயிலுக்கு எழுதறியா, ரயில்வேக்கு எழுதறியா?" என்கிறாள். கருவாடு கொஞ்சம் கட்டி வைத்திருக்கிறாளாம், வரும்போது கொண்டுவருவாளாம், அதை எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை செங்காவி அடிக்க ஆரம்பிக்கிறோம். அதற்கு முன்னால் டேவிட் நம்பரை ஒரு பலகையில் எழுதிப் பெட்டியில் மாட்டிவிட வேண்டும் என்பது ஷண்டிங் மாஸ்டரின் உத்தரவு. கொடி இப்போது என் பைக்குள் இருக்கிறது, உன் அம்மா துவைத்து மடித்துக் கொடுத்தாள். காலையில் கட்டுவேன், சாயங்காலம் ஞாபகமாக அவிழ்ப்பேன். அவிழ்த்த கையோடு வீட்டுக்கு வந்து, பெயிண்ட் காய்வதற்குள், உனக்கு எழுத உட்காருவேன்.

உன் நைனா